சமையல்காரர் உட்கார்ந்த நாற்காலி

மீள்வு இல்லம், இரண்டாம் மாடி
ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதுறேன். நலமா இருக்கேன்னு எழுதினா நீ நம்பமாட்டே. அதனால உயிரோட இருக்கேன்னு மட்டும் எழுதுறேன். நீ எப்படி இருக்கே? பாப்பா எப்படி இருக்கா? நர்சிங் காலேஜ்ல ரெண்டாவது வருஷம் ஆரம்பிச்சிருக்குமே.

இங்க வந்து இன்னியோட பத்தொன்பது நாள். போனை வாசல்லயே வாங்கி வச்சுக்கிட்டாங்க. தொண்ணூறு நாளும் கடிதம்தான். நாற்பத்தோரு வயசுல திரும்பவும் பேனா பிடிக்கிறேன். பதினெட்டு வருஷமா லிஃப்ட் கயிறையும் ஸ்பேனரையும் பிடிச்ச கை. எழுத்து கோணலா இருக்கே, மறுபடி ஊத்திக்கிட்டானோன்னு நினைச்சுக்காதே. நீ நினைப்பே, எனக்குத் தெரியும்.

ஒரு ரூமுல அஞ்சு கட்டில். பக்கத்துக் கட்டில்ல ஒரு கணக்கு வாத்தியார். காலையில எழுந்ததும் யார் எத்தனை தடவை குறட்டை விட்டாங்கன்னு கணக்குச் சொல்வார். நான்தான் முதல் ரேங்க். படிக்கிற காலத்துல வாங்காத ரேங்க்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். சனிக்கிழமைதோறும் இங்க குடும்ப வகுப்பு நடக்குது. எங்க ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒரு நாற்காலி போடுவாங்க. வீட்டு ஆள் யாராவது மூணு வகுப்பாவது வந்து உட்கார்ந்தாத்தான் தொண்ணூறாவது நாள் அவங்க கூட அனுப்பி வைப்பாங்க. இல்லாட்டி, ‘சொந்தப் பொறுப்புல போறேன்’னு நாமளே கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும். அப்படிப் போனவங்கள்ல முக்கால்வாசிப் பேர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டலைன்னு கவுன்சிலர் சொல்றார்.

யாரும் வராதவனுக்கு நாற்காலி காலியா இருக்கக்கூடாதுங்கறது இங்க வழக்கம். சமையல்காரர் கையைத் துடைச்சுக்கிட்டு வந்து உட்காருவார். போன வாரம் எனக்கு அவர்தான் அக்கா. “ஏண்டா தம்பி இப்படி என் மானத்தை வாங்குறே?”ன்னு கீச்சுக் குரல்ல கேட்டார் பாரு, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவர் மேல வெங்காய வாசனை அடிச்சுது. வகுப்பு முடிஞ்சதும் பாத்ரூம்ல போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

மூணே மூணு சனிக்கிழமை, அக்கா. ஒரு மணி நேரம்தான். வந்து என்னைத் திட்டினாக்கூடப் போதும். வருவியா?

உன் தம்பி,
சுண்டு

*

ஜூன் 17

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்துச்சு. பாப்பா சௌக்கியம். நானும் இருக்கேன்.

சுண்டு, இது உனக்கு நாலாவது இல்லம். முதல் மூணுலயும் அந்த நாற்காலியில உட்கார்ந்தது யாரு? நான்தான். ஒரு இடத்துல நாற்காலிக்குக் கால் ஆடும், அது வரைக்கும் ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் நீ அழுவே, நானும் அழுவேன், கவுன்சிலர் கைதட்டச் சொல்வார். ரெண்டு மாசம் போனா பழைய குருடி கதவைத் திறடி. இப்ப எனக்கு அழுகை வரலைடா. வராத அழுகையைக் கூட்டிக்கிட்டு வந்து அங்க உட்கார்ந்து என்ன பண்ணப்போறேன்?

என் வேலை மாறினது உனக்குத் தெரியும். வார்டுல பதினெட்டு வருஷம் குடிநோயாளிங்களுக்கு டிரிப் ஏத்தி, வாந்தி பிடிச்சு, வலிப்பு வந்தா மூச்சு அடைக்காம பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வச்சு, திட்டு வாங்கி, எச்சில் வாங்கி எல்லாம் ஆச்சு. இப்ப நாலு வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் நர்ஸுங்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். இரக்கச் சோர்வுன்னு பேரு. அடுத்தவங்க கஷ்டத்தைத் தினம் தினம் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் உள்ளே ஒண்ணுமே ஊறாமப் போயிடும். நோயாளி செத்தாலும் ‘அப்பாடா, ஒரு கட்டில் காலி’ன்னு தோணும். அது பாவமில்லை, அது ஒரு காயம்னு சொல்லிக்கொடுக்கிறேன். நாற்பது பேர் உட்கார்ந்திருப்பாங்க. முப்பது கேள்வி உள்ள தாளைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்வேன். போன வாரம் முப்பது வருஷ சர்வீஸ் உள்ள ஒரு அம்மா, தாளைப் பாதி நிரப்பிட்டு, ‘எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன்’னு சொல்லி ஓன்னு அழுதுட்டாங்க.

நானும் அந்தத் தாளை நிரப்பிப் பார்த்தேன். என் மதிப்பெண்ணை வெளியில சொல்லலை. வாத்தியாரே ஃபெயில்னா வகுப்பு நடக்குமா? ஊருக்குத்தான் உபதேசம்.

நோயாளிங்க எழுதுற கடிதத்தை எப்படிப் படிக்கணும்னும் சொல்லிக்கொடுக்கிறேன். ‘ஏதாவது கேட்கிற வரி வரும். அது வந்ததும் மடிச்சு வை. மீதியை நாளைக்குப் படி’ம்பேன். உன் கடிதத்தையும் அப்படித்தான் மடிச்சு வச்சேன். கோவிச்சுக்காதே.

சனிக்கிழமை எனக்கும் வகுப்பு இருக்கு. வர முடியும்னு தோணலை. நேரத்துக்குச் சாப்பிடு. விட்டமின் மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சுத் துப்பாதே. அந்த வித்தையெல்லாம் எனக்கு அத்துப்படி.

அக்கா

*

மீள்வு இல்லம்
ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். நீ சொன்னது அத்தனையும் சரி. மாத்திரையை இந்தத் தடவை முழுங்கிடறேன், சத்தியமா.

இந்தக் கடிதத்துல கேட்கிற வரி கடைசியிலதான் வருது. அதனால மடிக்காம முழுசாப் படி. வேலைக்கு நடுவுல வேண்டாம். தனியா உட்கார்ந்து படி.

இங்க ஒரு முறை உண்டு. அம்பது நாள் ஆகறதுக்குள்ள, யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணை ஒரே ஒருத்தர்கிட்டச் சொல்லிடணும். கவுன்சிலர்கிட்டக்கூடச் சொல்ல வேண்டாம், யாருக்குச் சேரணுமோ அவங்களுக்குச் சொன்னாப் போதும். நான் உனக்குத்தான் சொல்லணும்.

ஏழு வருஷத்துக்கு முன்னாடி உனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டே. அப்ப நான் உன் வீட்டுலதான் இருந்தேன். முந்தின நாள் வார்டு மருந்து அலமாரி சாவியை யூனிஃபார்ம் பையில வச்சு மறதியா வீட்டுக்குக் கொண்டுவந்துட்டே. எனக்கு அன்னிக்கு உங்க ஆஸ்பத்திரியிலதான் லிஃப்ட் சர்வீஸ். ‘டேய், இதை வார்டுல கொடுத்துட்டுப் போடா, யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதே, மெமோ கொடுத்துடுவாங்க’ன்னு என் கையில கொடுத்தே.

நான் போனப்ப யாருக்கோ வலிப்பு வந்து நர்ஸுங்க எல்லாரும் கட்டிலைச் சுத்தி நின்னாங்க. நர்ஸ் ரூம் காலி. கம்பெனிச் சட்டை போட்ட லிஃப்ட் மெக்கானிக்கை யார் திரும்பிப் பார்ப்பா? நான்தான் அலமாரியைத் திறந்தேன். நடுக்கத்துக்குக் கொடுக்கிற தூக்க மாத்திரை, மூணு அட்டை. எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, பூட்டி, சாவியை ஆணியில மாட்டிட்டு வந்துட்டேன். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகலை.

அப்புறம் எண்ணிப் பார்த்து முப்பது குறையுதுன்னு விசாரணை வச்சாங்க. தரை துடைக்க உள்ள போனது வார்டு ஆயாம்மா மட்டும்தான்னு சொல்லி அவங்களை வேலையை விட்டு அனுப்பினாங்க. பதினோரு வருஷம் வேலை பார்த்தவங்க. ரிப்போர்ட்ல நீ கையெழுத்துப் போட்டே. நீ பாவம், உனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து, ‘இப்படிப் பண்ணிடுச்சே அந்தப் பொம்பளை’ன்னு சொன்னே. நான் உனக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அந்த டீயைப் போட்டப்போ என் கை நடுங்கவே இல்லைக்கா.

இது நாலாவது இல்லம்னு எழுதியிருந்தியே, ஏன் நிக்க முடியலைன்னு சொல்றேன். ஒவ்வொரு தடவையும் தெளிஞ்ச உடனே அந்த ஆயாம்மா பக்கெட்டோட முன்னாடி வந்து நிக்கிறாங்க. குடிச்சாத்தான் போறாங்க.

இப்ப கேட்கிற வரி. தொண்ணூறாவது நாள் இங்கிருந்து நேரா உங்க ஆஸ்பத்திரி சூப்பிரண்டுகிட்டப் போய் எழுதிக் கொடுக்கப்போறேன். ஆயாம்மா எங்க இருக்காங்கன்னு தேடிப்பிடிச்சுக் கால்ல விழப்போறேன். போலீஸ்னா போலீஸ். நீ கூட வரியா? சாவி விஷயத்துல உன் பேரும் அடிபடும், அதான் உன்னைக் கேட்காமச் செய்ய மனசு வரலை. நீ ‘சரிடா’ன்னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும்.

சுண்டு

*

மீள்வு இல்லம்
ஜூலை 13

அக்காவுக்கு,

ரெண்டு சனிக்கிழமை போயிடுச்சு. பதில் வரலை. கடிதம் கிடைச்சுதா இல்லையான்னு மட்டுமாவது எழுது.

சமையல்காரர் இப்பல்லாம் சிரிப்புக் காட்டறதில்லை. வந்து பக்கத்துல உட்கார்றார். நேத்து என் கையை எடுத்து அவர் மடியில வச்சுக்கிட்டார். திட்டறதா இருந்தா நல்லாத் திட்டியே எழுதுக்கா. இப்படிச் சும்மா இருக்காதே.

சுண்டு

*

ஜூலை 19

சுண்டு,

கிடைச்சுது. எப்படி எழுதறதுன்னு தெரியாம மூணு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். இதையாவது முடிக்கிறேன்.

தனியா உட்கார்ந்து படின்னு எழுதியிருந்தே. அந்த வரியைப் படிச்சப்போ என் முன்னாடி நாற்பது நர்ஸுங்க உட்கார்ந்திருந்தாங்க.

வகுப்புல ஒரு பயிற்சி வைப்பேன். நோயாளி எழுதின நிஜக் கடிதம் ஒண்ணைப் பேர் சொல்லாம வாசிப்பேன். எந்த வரி நம்ம இரக்கத்தைப் பிடிச்சு இழுக்குதோ அங்க கை தூக்கணும். அந்த வாரம் வேற கடிதம் கிடைக்கலை. உன்னோடது பையில பிரிக்காமக் கிடந்துச்சு. நீ எழுதறது எனக்கு மனப்பாடம்னு ஒரு திமிர். அங்கேயே பிரிச்சு, முதல் தடவையா வாசிச்சேன். விட்டமின் மாத்திரையில சிரிச்சாங்க. ‘தனியா உட்கார்ந்து படி’ன்னதும் பத்துப் பேர் கை தூக்கினாங்க. அப்புறம் சாவி வந்துச்சு.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினா, அந்த அக்கா யாருன்னு தெரிஞ்சு போயிடுமே. அதனால கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன்டா. குரல் துளி பிசிறலை. பதினெட்டு வருஷம் வார்டுல பழகின குரல். டீ போட்டுக் கொடுத்ததைப் படிச்சப்போ அத்தனை கையும் மேல இருந்துச்சு. முன் வரிசையில ஒரு சின்னப் பொண்ணு எழுந்து சொன்னா: “மேடம், இருக்கறதுலயே பெரிய நடிப்பு இதுதான். குத்தத்தை ஒத்துக்கிற மாதிரி ஒத்துக்கிட்டு, அந்த அக்காவை நாற்காலியில கொண்டுவந்து உட்கார வைக்கப் பார்க்கிறான்.” எல்லாரும் கைதட்டினாங்க. நானும் “கரெக்ட்”னு சொன்னேன். நல்லாக் கவனிச்சதுக்குப் பரிசா என் பேனாவை அவளுக்குக் கொடுத்தேன்.

இதுவே உன்னால தாங்க முடியாது. இன்னொண்ணும் இருக்கு. நீ சொல்லிட்டே, நானும் சொல்லிடறேன்.

எனக்குத் தெரியும்டா. அன்னிக்கே தெரியும். விசாரணைக்கு முன்னாடி ஆயாம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, “உங்க லிஃப்ட் தம்பி உள்ள போயிட்டு வந்துச்சும்மா, நான் பார்த்தேன்”னு சொன்னாங்க. அதுவும் எப்படி? என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இல்லை, எச்சரிக்கிற மாதிரி, மெதுவா. நான், “சும்மா இருங்க, வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க”ன்னேன். ரிப்போர்ட்ல சாவியை முந்தின நாளே ஆணியில மாட்டிட்டுத்தான் போனேன்னு எழுதினேன். அவங்க சொன்னதை எழுதலை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சேன். வீட்டுக்கு வந்து ‘அந்தப் பொம்பளை’ன்னு சொன்னது எதுக்குத் தெரியுமா? உன் முகத்தைப் பார்க்கத்தான். நீ திரும்பி நின்னு டீ ஆத்திக்கிட்டு இருந்தே.

அவங்க கடைசி நாள் யூனிஃபார்மைத் துவைச்சு மடிச்சு என் மேஜையில வச்சுட்டுப் போனாங்க. நான் நிமிர்ந்து பார்க்கலை. ஏதோ எழுதற மாதிரி குனிஞ்சிருந்தேன். அன்னிக்கு ஒரு முகத்தைப் பார்க்காம இருக்கக் கத்துக்கிட்டேன். அதுக்கப்புறம் எந்த நோயாளி முகத்தையும் பார்க்க வரலை. இரக்கச் சோர்வுன்னு ஒரு புத்தகத்துல படிச்சதும், ஆகா, இதுதான் எனக்குன்னு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். வகுப்புல ஓன்னு அழுத அந்த அம்மாவுக்கு வந்தது சோர்வு. எனக்கு வந்தது சோர்வே இல்லை சுண்டு. நான் செஞ்சதுக்கு ஒரு நல்ல பேர் கிடைச்சுது, அதை வச்சுப் பொழைப்பு நடத்தறேன்.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். வேண்டாம். நீ எழுதிக் கொடுத்தா சாவியைத் தோண்டுவாங்க, ரிப்போர்ட்டைத் தோண்டுவாங்க. நர்ஸ் பதிவுல இருந்து என் பேரை அடிச்சுடுவாங்க. பாப்பா அதே ஆஸ்பத்திரிக் காலேஜ்ல படிக்கிறா. ‘அவ பொண்ணு’ன்னு விரலை நீட்டுவாங்க. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். நான் கெட்டவதான், திட்டிக்கோ. ஆனா என்னால முடியாது.

குடும்ப வகுப்புக்கும் வரமாட்டேன். அங்க வந்தா உண்மையைப் பேசச் சொல்வாங்க.

உன் கால்ல விழுந்து கேட்கிறேன்னு வச்சுக்கோ. நீ மறுபடி குடிச்சாலும் பரவாயில்லை. உன்னைப் படுக்க வச்சு டிரிப் ஏத்தி நான் பார்த்துக்குவேன், அது எனக்குத் தெரிஞ்ச வேலை. இதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதேடா.

இந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுடு.

அக்கா

*

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கிழிச்சுட்டேன். கவுன்சிலர் கேட்டதுக்கு, வீட்டுல இருந்து பதிலே வரலைன்னு சொல்லிட்டேன். உன் மேல எனக்குக் கோபமில்லை. முதல்ல இதை எழுதிடறேன், ஏன்னா எவ்வளவு தூரம் நேரா எழுத முடியும்னு தெரியலை.

தொண்ணூறாவது நாள் நானே கையெழுத்துப் போட்டுட்டு வெளியில வந்தேன். சமையல்காரர் கேட் வரைக்கும் வந்தார். பஸ் ஸ்டாப்பைத் தாண்டினேன்க்கா. முக்கால்வாசிப் பேர் தாண்டாததை நான் தாண்டினேன். நேரா உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். நீ வேண்டாம்னு எழுதியும் வந்தேன். எல்லாத்தையும் எழுதி ரெண்டு தாளா மடிச்சுச் சட்டைப்பையில வச்சிருந்தேன். சூப்பிரண்டு ரூம் மூணாவது மாடி. லிஃப்ட்டுக்காக நின்னேன்.

கதவு திறந்துச்சு. உள்ள பாப்பா. யூனிஃபார்ம்ல, கூட நாலு பொண்ணுங்க. என்னைப் பார்த்ததும் “மாமா!”ன்னு கத்திட்டா. நான் கொஞ்சம் பின்னால போனேன். அவ விடலை, கையைப் பிடிச்சு இழுத்து, “இவர்தான்டி எங்க மாமா. நான் நர்சிங் எடுத்ததே இவரை நல்லாக்கணும்னுதான். பாருங்கடி, எப்படித் தெளிவா இருக்கார்!”னு அவங்ககிட்டக் காட்டினா. வெட்கமே இல்லாமச் சொன்னா அக்கா, அத்தனை பேர் நடுவுல. எனக்காக யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டுப் பார்த்ததில்லை. எந்த மாடிக்குப் போகணும் மாமான்னு கேட்டா. சும்மா உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்னு சொல்லிட்டேன்.

படி வழியா இறங்கி வந்து தாளைக் கிழிச்சுப் போட்டேன். நீ கேட்டபடியே ஆச்சு. ஆயாம்மாவைத் தேடிப் போகலை. இனிமே போகவும் மாட்டேன்.

ஆனா அது என் வாய்க்குள்ளேயே நிக்குதுக்கா. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தவர்கிட்டச் சொல்லிடுவேனோன்னு இருந்துச்சு. டீக்கடைக்காரர் ‘என்ன வேணும்’னு கேட்டதும் சொல்லிடுவேனோன்னு இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு இருக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். சாயங்காலமே ஒயின் ஷாப்புக்குப் போயிட்டேன். இன்னியோட பதினஞ்சு நாள். பழைய கம்பெனி ஒர்க்‌ஷாப் மாடியில ஒரு ரூம் கொடுத்திருக்காங்க, வேலை கொடுக்கலை.

படுக்க வச்சுப் பார்த்துக்கறேன்னு எழுதியிருந்தே. உன் மனசு எனக்குத் தெரியும். ஆனா நான் உன்கிட்ட வரமாட்டேன், வேற எந்த வார்டுக்கும் போகமாட்டேன். நிறுத்தினா மூணாவது நாள் என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா? கண்ணு முன்னாடி இல்லாததெல்லாம் தெரியும், நாள் பூரா உளறுவேன். போன தடவை ராப்பகலா ஆயாம்மா ஆயாம்மான்னு கத்தினேனாம், கணக்கு வாத்தியார் சொன்னார். அப்ப யாருக்கும் அர்த்தம் புரியலை. அடுத்த தடவை மீதியையும் கத்திட்டா? கட்டிலைச் சுத்தி நர்ஸுங்க நிப்பாங்க. டிரெய்னிங்குக்கு வந்த பொண்ணுங்க நிப்பாங்க. பாப்பாவே நிக்கலாம்.

அதனால நீ தைரியமா வகுப்பு எடு. பாப்பாவை நல்லாப் படிக்கச் சொல்லு. மாமா வேலைக்கு வெளியூர் போயிட்டார்னு சொல்லிடு. இங்க தேடிக்கிட்டு வந்துடாதே, உன் முகத்தைப் பார்த்தா எனக்கு நிறுத்தணும்னு தோணிடும்.

பயப்படாதேக்கா. நிறுத்தமாட்டேன்.

உன் தம்பி,
சுண்டு